செஞ்சியும் வெள்ளியும்: 92.5 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு வரலாறு

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ராஜா தேசிங்கும் அவனுடைய குதிரையும்தான். வரலாறு கொஞ்சம் படித்தவர்கள் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் கல்யாண மஹாலையும் சொல்வார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தது. அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒன்று செஞ்சி.

கோட்டையைப் பற்றிப் பேசும்போது வீரம், துரோகம், முற்றுகை எல்லாம் வரும். சம்பளம் மட்டும் வராது! ஒரு படை எட்டு வருஷம் ஒரு மலையைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் அத்தனை பேருக்கும் யார் கூலி கொடுத்தார்கள்? எதில் கொடுத்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் நகைக்கடைக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

இன்று வெள்ளிக் கொலுசோ மோதிரமோ வாங்கப் போனால் கடைக்காரர் "இது 92.5 வெள்ளி, ஸ்டெர்லிங் சில்வர்" என்கிறார். ஏதோ புதுசாக வெளிநாட்டிலிருந்து வந்த சமாச்சாரம் போல இருக்கும். ஆனால் அந்தக் காலத்துப் பாட்டிகள் பலர் காலில் போட்டிருந்த கொலுசும் ஏறக்குறைய இதே தரம்தான். அவர்களுக்கு 92.5 என்ற எண் தெரியாது. அவர்கள் நம்பிய முத்திரை வேறு. அந்த முத்திரை எப்படி வந்தது, எப்படிப் போனது, இப்போது அதன் இடத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பவுனுக்குள் ஒளிந்திருக்கும் வெள்ளி

முதலில் 92.5 என்றால் என்ன? ஆயிரம் பங்கில் 925 பங்கு சுத்த வெள்ளி. மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மிகவும் மிருதுவான உலோகம். அதில் மோதிரம் செய்தால் சீக்கிரம் நெளியும், கொலுசு செய்தால் வளையம் இழுபடும். கொஞ்சம் செம்பு சேர்த்தால் கெட்டிப்படும், நிறமும் கெடாது. அதற்காகத்தான் கலப்பு.

இந்த அளவை நிலைநிறுத்தியது இங்கிலாந்து. 1158-இல் இரண்டாம் ஹென்றி மன்னர் வெள்ளிப் பென்னிகளைத் திருத்தி அடித்தார். அந்தப் பென்னிகளின் தரமே பிறகு ஸ்டெர்லிங் தரம் என்று நிலைத்தது. 240 பென்னி சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஆரம்பத்தில் அது வெறும் கணக்குப் பெயர் அல்ல, ஒரு பவுண்டு எடை வெள்ளி! "ஸ்டெர்லிங்" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. நாணயத்தில் இருந்த சின்ன நட்சத்திரத்திலிருந்து வந்தது என்பார் சிலர். கிழக்கு ஜெர்மானிய வணிகர்களைக் குறிக்கும் பெயரிலிருந்து வந்தது என்பார் சிலர்.

வேடிக்கை என்னவென்றால், நம் ஊரில் தங்கத்தை அளக்கும் "பவுன்" என்ற சொல்லும் இந்தப் பவுண்டுதான். ஒரு பவுண்டு மதிப்புள்ள ஆங்கிலத் தங்கக் காசு சுமார் 8 கிராம். அதனால்தான் பவுன் என்றால் 8 கிராம். தாலிச் செயினுக்குப் பவுன் கணக்குப் பார்க்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரியாமலே ஒரு பழைய வெள்ளிக் கணக்கின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

1300-இல் முதலாம் எட்வர்டு மன்னர் ஒரு சட்டம் போட்டார். வெள்ளிப் பொருள்கள் நாணயத்தின் தரத்துக்குக் குறையக்கூடாது, சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை குத்திய பிறகே வெளியே போக வேண்டும் என்பது அந்தச் சட்டம். பிறகு 1478-இலிருந்து லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்துக்கே பொருளைக் கொண்டுவந்து சோதிக்க வேண்டியிருந்தது. மண்டபத்தில் குத்திய முத்திரை என்பதுதான் "ஹால்மார்க்".

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நகையின் தரத்தை நாணயத்தின் தரத்தோடு கட்டிவிட்டார்கள். நகையை உருக்கினால் காசு, காசை உருக்கினால் நகை. தமிழில் இதைச் சொல்ல நீட்டி முழக்க வேண்டாம். காசுக்கும் நாணயம் என்று பெயர், நேர்மைக்கும் நாணயம் என்றுதான் பெயர்.

முற்றுகைக் காலத்தில் இரண்டு நெருக்கடிகள்

இப்போது செஞ்சிக்கு வருவோம். நாயக்கர்கள் ஆண்ட செஞ்சியை 1649-இல் பீஜப்பூர் பிடித்தது. 1677-இல் சிவாஜி பிடித்தார். ஔரங்கசீப்பிடமிருந்து தப்பி வந்த அவர் மகன் ராஜாராம் 1689-இல் செஞ்சியில் வந்து அமர்ந்தார். மராட்டிய அரசின் தலைநகரே செஞ்சியாகிவிட்டது. 1690-இல் மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகை போட்டார். 1698 தொடக்கத்தில்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார்.

அதுவரை தமிழ்நாட்டில் பெரிய கணக்கு எல்லாம் பொன் வராகனிலும் பணத்திலும் நடந்தது. சில்லறைக்குச் செப்புக் காசு. வெள்ளி இங்கே பெரும்பாலும் நகையாகவும் பூஜைப் பாத்திரமாகவும்தான் இருந்தது. மொகலாயர்களின் பணமோ வெள்ளி ரூபாய். ஷேர் ஷா காலத்தில் 178 ஆங்கில "கிரெயின்" எடையில், அதாவது சுமார் 11.5 கிராமில் தொடங்கிய ரூபாயை மொகலாயர்கள் நாடெங்கும் கொண்டு சென்றார்கள். அவர்கள் படை தெற்கே வர வர ரூபாயும் தெற்கே வந்தது.

அதே 1690-இல் இன்னொரு பேரமும் செஞ்சியில் முடிந்தது. போருக்குப் பணம் தேவைப்பட்ட ராஜாராமின் தர்பார் கடலூர் அருகே தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது. சென்னையில் அப்போது கவர்னர் எலிஹூ யேல். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் விலையில் சேர்த்தி. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை.

கம்பெனி இங்கே வாங்க வந்தது துணி. அதற்கு ஈடாக அவர்களிடம் விற்கச் சரக்கு அதிகம் இல்லை. கப்பலில் வெள்ளிதான் வந்தது. அந்த வெள்ளியில் பெரும்பகுதி ஸ்பானியர்கள் அமெரிக்கக் கண்டத்தில் வெட்டி எடுத்தது. பொலிவியாவில் பொட்டோசி மலைச் சுரங்கம் 1545-இல் கண்டுபிடிக்கப்பட்டது. மெக்சிகோ வெள்ளியும் சேர்ந்துகொண்டது. ஐரோப்பா வழியாகவும் பிலிப்பைன்ஸின் மணிலா வழியாகவும் அது சோழமண்டலக் கரைக்கு வந்தது. தமிழ்நாட்டில் சொல்லிக்கொள்ளும்படி வெள்ளிச் சுரங்கம் கிடையாது. ஆக இங்குள்ள நெசவாளியின் உழைப்புக்குக் கூலியாக வந்ததுதான் இங்கே சேர்ந்த வெள்ளியில் பெரும்பங்கு.

செஞ்சியில் முற்றுகை நடந்த அதே வருஷங்களில் இங்கிலாந்திலும் ஒரு நெருக்கடி. நாணயத்தின் ஓரத்தைச் சுரண்டி வெள்ளியைத் திருடினார்கள். நல்ல காசை உருக்கிப் பாத்திரம் செய்தார்கள். 1696-இல் பழைய காசுகளை எல்லாம் திரும்ப வாங்கிப் புதிதாக அடிக்க ஆரம்பித்தார்கள். நாணயசாலைக்கு அதிகாரியாக வந்தவர் யார் தெரியுமா? ஆப்பிள் விழுந்த கதையின் நாயகர் ஐசக் நியூட்டன்! காசை உருக்குவதைத் தடுக்க 1697-இல் வெள்ளிச் சாமான்களின் தரத்தை நாணயத்தைவிட உயர்த்தி 95.83 ஆக்கினார்கள். இதற்கு பிரிட்டானியா தரம் என்று பெயர். 1720-இல் பழையபடி 92.5-ஐயும் அனுமதித்தார்கள். 1717-இல் நியூட்டன் பரிந்துரையை ஒட்டி நிர்ணயித்த தங்க விலையால் இங்கிலாந்தில் வெள்ளியின் மதிப்பு தாழ்ந்தது. மதிப்புக் குறைந்த இடத்தில் பொருள் நிற்காதே! வெள்ளி இன்னும் வேகமாகக் கிழக்கு நோக்கிக் கப்பலேறியது.

ஆற்காட்டு ரூபாய்

செஞ்சியைப் பிடித்த மொகலாயர்கள் சுல்பிகர் கானின் பட்டப்பெயரை ஒட்டி அதற்கு நுஸ்ரத்கர் என்று பெயர் வைத்தார்கள். கோட்டைப் பொறுப்பு புந்தேலா ராஜபுத்திரரான சொரூப் சிங்குக்கு வந்தது. அவர் மகன்தான் தேசிங்கு. 1714-இல் நவாப் சாதத்துல்லா கானுக்கும் தேசிங்குக்கும் நடந்த சண்டைக்கு அடிப்படை கட்ட வேண்டிய கப்ப நிலுவை. ஒரு கணக்குப் பாக்கி! தேசிங்கு மாண்டான், கதைப்பாட்டில் வாழ்கிறான். ஆட்சியின் மையம் ஆற்காட்டுக்குப் போனது. ரூபாய்க்கும் ஆற்காட்டின் பெயரே வந்தது.

ஆற்காட்டு ரூபாயை நவாப் மட்டும் அடிக்கவில்லை. 1736-இல் புதுச்சேரி கவர்னர் தூய்மா நவாப் தோஸ்த் அலி கானிடம் அனுமதி பெற்றார். பிரெஞ்சுக்காரர்கள் பிறைச் சின்னத்தோடு ஆற்காட்டு ரூபாயை அடித்தார்கள். சில வருஷங்களில் சென்னையில் ஆங்கிலேயர்களும் அடித்தார்கள், அவர்கள் சின்னம் தாமரை. மொகலாயப் பேரரசர் பெயர், பாரசீக எழுத்து, ஆற்காட்டுப் பெயர், அடிப்பவனோ ஐரோப்பியன்! மெக்சிகோவிலிருந்து வந்த ஸ்பானிய வெள்ளிக் காசை உலையில் போட்டு உருக்கி இந்த ரூபாயாக மாற்றினார்கள். 1728-க்குப் பிந்தைய அந்த ஸ்பானியக் காசின் தரம் 91.7 அளவில் இருந்தது. ஸ்டெர்லிங்குக்கு ஒரு முழு சதவீதம்கூடக் குறைவில்லை.

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தார். 1761-இல் புதுச்சேரி விழுந்த பிறகு செஞ்சியும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இப்படிக் கோட்டைக்கு எஜமானர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் சிப்பாய்க்கும் வியாபாரிக்கும் காசில் யார் பெயர் இருக்கிறது என்பது முக்கியம் இல்லை. உள்ளே எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்பதுதான் முக்கியம். அதைச் சொல்லத்தான் சராப்புக் கடைக்காரர் இருந்தார். தட்டி ஓசை கேட்பார், எடை போடுவார், உரைகல்லில் உரசிப் பார்ப்பார். தேய்ந்த காசுக்கும் பழைய காசுக்கும் வட்டம் பிடித்துக்கொள்வார்.

ரூபாயை உருக்கிய கொலுசு

இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு 1818-இல் வந்தது. சென்னை ராஜதானி வராகனை விட்டுவிட்டு வெள்ளி ரூபாயைத் தர நாணயமாக அறிவித்தது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்று விகிதம். ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது சுமார் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது 91.67 சதவீதம். 1835-இல் கம்பெனி ஆட்சி முழுவதற்கும் இதே எடை, இதே தரம் என்று சட்டம் வந்தது. விக்டோரியா ராணி தலை போட்ட ரூபாயிலும் அதற்குப் பின் வந்த எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களிலும் இந்தத் தரம் மாறவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒரே அளவு!

கிராமத்து ஆசாரிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? தனியாக வெள்ளிக் கட்டி வாங்க வேண்டாம், சோதிக்க வேண்டாம். கடலை அறுவடை முடிந்து கையில் பத்து ரூபாய் மிஞ்சினால் அதை அப்படியே ஆசாரியிடம் கொடுத்துவிடலாம். அவர் மூசையில் போட்டு உருக்கிக் கம்பி இழுத்துக் கொலுசாகவோ காப்பாகவோ அரைஞாணாகவோ திருப்பிக் கொடுப்பார். எடைக் கல்லும் ரூபாய்தான். ஒரு ரூபாய் எடை ஒரு தோலா. மூன்று ரூபாய் எடை ஒரு பலம். "பத்து ரூபாய் எடைக் கொலுசு" என்றால் எல்லோருக்கும் புரியும்.

இடுப்புக்கு மேலே தங்கம், கீழே வெள்ளி என்பது இங்கே வழக்கம். தங்கம் லட்சுமி, காலில் போடக்கூடாது என்பார்கள். தங்கமே வாங்க முடியாத வீட்டில் மேலே கீழே எல்லாமே வெள்ளிதான். மெட்டியும் கொலுசும் அலங்காரம் மட்டும் அல்ல. வங்கி இல்லாத ஊரில் அதுதான் வங்கி, அதுவும் பெண்ணின் பெயரில் இருந்த வங்கி.

தாது வருஷமும் 1893-உம்

அந்த வங்கி எப்படி வேலை செய்தது என்பது 1876–78 பஞ்சத்தில் தெரிந்தது. தமிழ் மக்கள் அதைத் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னார்கள். சென்னை ராஜதானியில் மக்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். சோற்றுக்கு வழியில்லாதவர்கள் காலிலும் கையிலும் இருந்ததைக் கழற்றி விற்றார்கள். அப்படி விற்ற நகைகள் வியாபாரிகள் மூலம் பம்பாய் நாணயசாலைக்கு மூட்டை மூட்டையாகப் போய் மறுபடி ரூபாயாக மாறின.

இது நடக்க முடிந்ததற்குக் காரணம் ஒரு விதி. யார் வெள்ளி கொண்டுவந்தாலும் சுமார் 2 சதவீதம் கூலி பிடித்துக்கொண்டு நாணயசாலை ரூபாய் அடித்துக் கொடுக்க வேண்டும். அதனால் கிராமத்தில் ஆசாரியோ சேட்டோ எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் ஓர் எல்லைக்குக் கீழே வெள்ளி விலை போகாது. நாணயசாலையின் கதவு திறந்திருந்ததுதான் கொலுசுக்கு உத்தரவாதம்.

1870-களில் ஜெர்மனியும் வேறு நாடுகளும் வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்துக்கு மாறின. உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தது. ரூபாயின் அந்நிய மதிப்பும் அதோடு சரிந்தது. லண்டனுக்குப் பவுண்டில் கட்ட வேண்டிய செலவுகள் இந்திய அரசுக்குச் சுமையாயின. 1893-இல் ஹெர்ஷெல் குழுவின் அறிக்கையை ஏற்று, பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளிக்கு ரூபாய் அடித்துத் தருவதை அரசு நிறுத்தியது.

கணக்குப் பாடம் படிக்கிறவர்களுக்கு இது பணக் கொள்கையின் ஒரு பக்கம். வெள்ளி நகை வைத்திருந்தவர்களுக்கோ இது வேறு. ரூபாயின் மதிப்பு நின்றது, வெள்ளியின் மதிப்பு இறங்கிக்கொண்டே போனது. கையில் இருந்த ஒரு ரூபாய் எடைக் கொலுசு ஒரு ரூபாய் பெறாது என்றாகிவிட்டது. அதற்குப் பின் 1896-லும் 1899-லும் நாட்டின் பல பகுதிகளில் பஞ்சங்கள் வந்தபோது வெள்ளி நகைக்கு முன்பு கிடைத்த விலை கிடைக்கவில்லை. ஏழைகளின் சேமிப்பைக் கை வைக்காமலே குறைத்துவிட்டார்கள் என்று அந்தக் காலத்து இந்தியத் தலைவர்கள் கண்டித்தார்கள். ஒரு சட்டம் யாருடைய காலையும் தொடவில்லை, ஆனால் எல்லார் கொலுசும் இலேசாகிப் போனது!

வருஷம் பார்த்து வாங்கிய காசு

முதல் உலகப் போரில் கதை தலைகீழானது. வெள்ளி விலை ஏறி, ரூபாயை உருக்கினால் லாபம் என்ற நிலை வந்தது. 1917-இல் நாணயத்தை உருக்குவதை அரசு தடை செய்தது. 1918-இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்றைப் போட்டு, தன் கஜானாவில் இருந்த வெள்ளி டாலர்களை உருக்கி இந்தியாவுக்கு விற்றது. அந்த வெள்ளியும் இங்கே ரூபாயாகிப் புழங்கியது.

உண்மையான முடிவு 1940-இல் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ரூபாயில் வெள்ளியைப் பாதியாக்கினார்கள். 50 பங்கு வெள்ளி, 40 செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். எடை அதே எடை, தலையும் அதே ராஜா தலை. ஆனால் பத்துக் காசை உருக்கினால் முன்பு சுமார் 107 கிராம் சுத்த வெள்ளி இருந்த இடத்தில் இப்போது 58 கிராம்தான். பழைய காசை மக்கள் பதுக்கினார்கள், புதுக் காசைச் செலவழித்தார்கள். மட்டமான காசு நல்ல காசை விரட்டும் என்ற கிரெஷாம் விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1947-இல் ரூபாய் முழு நிக்கல் ஆனது. வெள்ளியே இல்லை.

இன்றும் சில வீடுகளில் பாட்டி வைத்துப் போன ரூபாய்கள் இருக்கும். 1939-உம் அதற்கு முந்தியதும் என்றால் 91.67. 1940 முதல் 1945 வரை என்றால் 50. 1947 என்றால் வெள்ளிக்கு விலை கேட்க வேண்டாம்.

டச் எவ்வளவு?

நாணயம் விலகிக்கொண்டதும் கொலுசுக்கு யார் உத்தரவாதம்? கடைக்காரரின் வாய் வார்த்தை மட்டும்தான் மிச்சம். வெள்ளி வியாபாரத்தில் தரத்தை "டச்" என்று சொல்வார்கள். உரைகல்லில் தொட்டுப் பார்க்கும் பழக்கத்திலிருந்து வந்த சொல். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுத் தொழில் பெரிய அளவில் நடக்கிறது. பல தரத்திலும் கொலுசு உண்டு. 92 டச்சும் இருக்கும், 70 டச்சும் இருக்கும், அதற்குக் கீழேயும் இருக்கும். மேலே நல்ல பாலிஷ் போட்டால் புதிதில் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதே பத்து ரூபாய் எடை, 116.6 கிராம் கொலுசு. 92.5 தரம் என்றால் உள்ளே சுமார் 107.9 கிராம் வெள்ளி. பழைய ரூபாய்த் தரம் என்றால் 106.9 கிராம். வித்தியாசம் ஒரே கிராம். 70 டச் என்றால் 81.6 கிராம். வித்தியாசம் 26 கிராமுக்கு மேல்! குறைந்த டச் கொலுசு செய்வதே குற்றம் என்று சொல்ல முடியாது. கெட்டியாக உழைக்கும், விலையும் குறைவு. 70 என்று சொல்லி 70-க்கு விலை வாங்கினால் அது நேர்மையான வியாபாரம். 92 விலை வாங்கிக்கொண்டு 70-ஐக் கொடுப்பதுதான் மோசடி. அது வாங்கும் அன்று தெரியாது, விற்கப் போகும் அன்றுதான் தெரியும். விற்கப் போவதோ பெரும்பாலும் கஷ்ட காலத்தில்.

இந்த இடத்தைத்தான் ஹால்மார்க் நிரப்ப வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் தங்கத்துக்கு 2000-லும் வெள்ளிக்கு 2005-லும் ஹால்மார்க் திட்டத்தைத் தொடங்கியது. தங்கத்துக்கு 2021-இல் கட்டாயமாக்க ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கு 2025 செப்டம்பர் 1 முதல் ஒவ்வொரு நகைக்கும் தனி அடையாள எண் வந்தது, ஆனால் அறிமுகமானபோது கட்டாயம் ஆக்கவில்லை. அந்த எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். தரங்கள் ஏழு: 800, 835, 925, 958, 970, 990, 999. இதில் 958 என்பது செஞ்சி முற்றுகையில் இருந்தபோது இங்கிலாந்தில் பிறந்த அந்த பிரிட்டானியா தரமேதான்!

வெறுமனே "925" என்று மட்டும் குத்தியிருந்தால் அது ஹால்மார்க் ஆகாது. அது செய்தவர் சொல்லும் வார்த்தை. தர நிர்ணய முத்திரை, தரம், அடையாள எண் மூன்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரசீதில் எடை, தரம், செய்கூலி, சேதாரம் தனித்தனியாக எழுதி வாங்குவது நல்லது.

கருக்கும் வெள்ளியைக் காப்பது

நல்ல வெள்ளி கருக்காது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. சுத்த வெள்ளியும் கருக்கும். இரும்பு துருப்பிடிப்பது போன்றது அல்ல இது. காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து மேலே மெல்லிய கருப்புப் படலமாகின்றன. செம்பு அதிகம் கலந்திருந்தால் நிறம் இன்னும் சீக்கிரம் மங்கும். ஆகவே கருத்துவிட்டது என்பதை வைத்து மட்டும் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்ல முடியாது.

தினமும் போட்டிருக்கும் மெட்டி பெட்டியில் வைத்த மெட்டியைவிடக் குறைவாகவே கருக்கும். உராய்வில் படலம் தேய்ந்துகொண்டே இருக்கும். எடுத்து வைப்பதாக இருந்தால் ஈரமும் வியர்வையும் போகத் துடைத்து, காற்றுப் புகாத பையில் தனித்தனியாக வைக்க வேண்டும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டவே கூடாது, ரப்பரில் கந்தகம் உண்டு. கம்பளித் துணியிலும் சுற்ற வேண்டாம். சென்ட் அடித்த பிறகு நகை போடுவதும், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கை விடுவதும் வெள்ளிக்கு ஆகாது.

சுத்தம் செய்யப் பழைய வழிகளே போதும். பூந்திக்கொட்டையை ஊற வைத்த நீரில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் அழுக்கும் எண்ணெயும் போகும். லேசான கருப்புக்கு நல்ல விபூதியை மெல்லிய துணியில் தொட்டுத் துடைக்கலாம். பூஜை விளக்குக்கு வீட்டில் செய்வது அதுதான். பற்பசை போட்டுத் தேய்ப்பதை விட்டுவிடலாம், மேலே கீறல் விழும். புளியும் உப்பும் பித்தளைக்குச் சரி. வெள்ளியை உப்பு அரிக்கும்.

அதிகமாகக் கருத்திருந்தால் ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, நகை அதைத் தொடும்படி வைத்து, சமையல் சோடா போட்ட வெந்நீரை ஊற்றினால் போதும். வெள்ளியோடு சேர்ந்திருந்த கந்தகத்தை அலுமினியம் இழுத்துக்கொள்ளும், வெள்ளி நகையிலேயே தங்கிவிடும். கல், முத்து, அரக்கு வைத்த நகைக்கும் வேண்டுமென்றே கருப்பு ஏற்றிய வேலைப்பாட்டுக்கும் இந்த முறை வேண்டாம். அடிக்கடி கடையில் பாலிஷ் போடுவதிலும் கவனம் தேவை. ஒவ்வொரு பாலிஷிலும் கொஞ்சம் வெள்ளி தேய்ந்து போகிறது. பாலிஷுக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து வாங்குவது அவமரியாதை ஆகாது.

முடிவாக

செஞ்சியை நாயக்கர் முதல் ஆங்கிலேயர் வரை பலர் ஆண்டார்கள். ஒவ்வொருவரும் கோட்டையில் ஏதாவது கட்டினார்கள், ஏதாவது இடித்தார்கள். அவர்கள் கொண்டுவந்த வெள்ளி மட்டும் கோட்டைக்குள் தங்கவில்லை. துணிக்கும் கூலிக்கும் விலையாக ஊருக்குள் இறங்கி, ரூபாயாகி, கொலுசாகி, பஞ்சத்தில் மறுபடி ரூபாயாகிச் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தச் சுற்று சரியாக நடக்க ஒரு முத்திரையின் மேல் நம்பிக்கை தேவைப்பட்டது. ஒரு காலத்தில் அது ராணி தலை. இன்று அது ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த சின்னக் குறி.

அதைக் கேட்டு வாங்குபவர்கள் கூடினால்தான் அது எல்லாக் கடைக்கும் வரும். அடுத்த முறை கொலுசு வாங்கும்போது டிசைனைப் பார்ப்பதற்கு முன் திருகாணிப் பக்கம் திருப்பி முத்திரையைப் பாருங்கள். வீட்டில் பழைய ரூபாய்கள் இருந்தால் உருக்கக் கொடுக்கும் முன் வருஷத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரு நிமிஷம் போதும்.